பத்து நிமிஷ இன்டர்வெல்லில் பிள்ளைக்கு மிஞ்சுவது எத்தனை நிமிஷம்?

என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போன புதிதில், காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே முழுசாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஏன்டி குடிக்கலை என்று கேட்டால் "குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா" என்றாள். வந்தால் போக வேண்டியதுதானே என்றேன். "லைன்ல நிக்கிறதுக்குள்ளயே மணி அடிச்சிடுறாங்க, அப்புறம் எங்க வெளையாடுறது?" பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான் பெயர் கொடுத்தது இந்தப் பதிலைக் கேட்டுத்தான். கட்டடம் கேட்கவோ கம்ப்யூட்டர் கேட்கவோ போகவில்லை.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. இரண்டு வருஷம் உறுப்பினராக இருந்தேன். அதில் முதல் ஆறு மாதம் எதை எப்படிக் கேட்பது என்று தெரியாமலே போய்விட்டது. உங்களுக்கு அந்த ஆறு மாதம் வீணாக வேண்டாம் என்பதால் இதை எழுதுகிறேன். எஸ்.எம்.சி.க்கு, அதாவது இந்தப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு, புதிதாக வந்திருக்கிறீர்கள், கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவதற்கு மேல் ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறீர்கள் என்றால், இன்டர்வெல்லில் இருந்து ஆரம்பியுங்கள். பெரிய செலவு இல்லை, பலன் அன்றைக்கே தெரியும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நாம் கேட்பது பி.டி. பீரியட் அல்ல, யோகா அல்ல, "ஆக்டிவிட்டி" அல்ல. அவையெல்லாம் நல்லவைதான், ஆனால் அவற்றில் பெரியவர் ஒருவர் விசில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நாம் கேட்பது, என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லாத நேரம். ஓடலாம், சண்டை போட்டுச் சமாதானம் ஆகலாம், சுவரில் சாய்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டு சும்மாவும் இருக்கலாம். இந்தச் "சும்மா"வைத்தான் கூட்டத்தில் விளக்குவது கஷ்டம், ஏனென்றால் நம்மில் பாதிப் பேர் பிள்ளை சும்மா இருந்தால் பதறுகிற பெற்றோர்தான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதல் வேலை: கடிகாரமும் நோட்டும்

ஹெச்.எம்.மிடம் போய் "பிள்ளைகளுக்கு நேரமே இல்லை டீச்சர்" என்று சொன்னால், டைம்டேபிளைக் காட்டுவார். காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம், மதியம் முக்கால் மணி என்று அதில் அழகாகப் போட்டிருக்கும். அதனால் பேசுவதற்கு முன் அளந்துவிடுங்கள். அனுமதி கேட்டு, வெளிப்படையாக, ஐந்து நாள் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்காருங்கள். ஒளிந்து பார்க்கிற வேலை வேண்டாம், வேவு பார்க்க வந்தவள் என்ற பெயர் ஒருமுறை வந்தால் போகாது.

குறிக்க வேண்டியவை கொஞ்சம்தான். மணி அடித்த நேரம், ஆசிரியர் நிஜமாகவே பாடத்தை நிறுத்திய நேரம், முதல் பிள்ளை வெளியே வந்த நேரம், கழிப்பறை வரிசையில் கடைசிப் பிள்ளை உள்ளே போன நேரம், திரும்ப மணி அடித்த நேரம். நான் குறித்த ஒரு செவ்வாய்க்கிழமைக் கணக்கு இது: மணி அடித்து மூன்றாவது நிமிஷம் வரை கரும்பலகையில் இருந்ததை எழுதி முடித்தார்கள், நோட்டை அடுக்கி வைக்க இன்னொரு நிமிஷம், வெளியே வந்து ஒண்ணுக்குப் போகவும் தண்ணீர் குடிக்கவும் நாலு நிமிஷம். பையன்களுக்கு மிஞ்சியது இரண்டு நிமிஷம். பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரிசையிலேயே மணி அடித்துவிட்டது.

இரண்டாவது: கழிப்பறைக் கணக்கு

விளையாட்டைப் பற்றிப் பேச வந்தவள் கழிப்பறைக்குப் போகிறாளே என்று நினைக்காதீர்கள். பெண் பிள்ளைகளின் ஓய்வு நேரம் முக்கால்வாசி அங்கேதான் கரைகிறது. எங்கள் பள்ளியில் 86 பெண் பிள்ளைகள். கழிப்பறை மூன்று, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஆகவே இரண்டு. ஒருத்திக்கு இரண்டு நிமிஷம் என்று வையுங்கள், பத்து நிமிஷத்தில் போய்வரக் கூடியவர்கள் பத்துப் பேர். எல்லோரும் போக வேண்டுமென்றால் 86 நிமிஷம் ஆகும். இதை ஒரு தாளில் எழுதி கூட்டத்தில் வைத்தேன், நான் பேசியதிலேயே ஒருவரும் மறுபேச்சு பேசாத விஷயம் அதுதான்.

செய்ய வேண்டியதும் சின்னச் சின்ன வேலைதான். தாழ்ப்பாள் போட ஆசாரி வந்து அரை மணி நேரம் வேலை செய்தார், உடனே இன்னும் ஐந்து பேருக்கு இடம் கிடைத்தது. வாளியும் மக்கும் ஒவ்வொன்றிலும் இருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை யார் எப்போது போடுகிறார் என்று பாருங்கள், பல நாள் அது இன்டர்வெல் முடிந்த பிறகுதான் ஓடும். அப்புறம் கேட்க வேண்டியது இரண்டு: கீழ் வகுப்புகளுக்கும் மேல் வகுப்புகளுக்கும் பத்து நிமிஷம் முன்பின்னாக இன்டர்வெல் விடுவது, பாட நேரத்தில் கேட்கிற பிள்ளையைக் கேள்வி கேட்காமல் அனுப்புவது. முன்பின்னாக விட்டால் சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் முகம் சுளிப்பார், அது உண்மைதான். ஆனாலும் வரிசை பாதியாகிவிடும்.

தண்ணீர் குடிப்பதற்கென்று தனியாக மணி அடிக்கும் பழக்கம் கேரளத்தில் 2019-லும் தமிழ்நாட்டில் 2025-லும் வந்தது, "வாட்டர் பெல்" என்கிறார்கள். நல்ல யோசனை. உங்கள் பள்ளியில் அது இன்டர்வெல்லுக்கு வெளியே வருகிறதா, இல்லை இன்டர்வெல் மணிக்கே வாட்டர் பெல் என்று பெயர் மாற்றிவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: மதியமும் காலையும்

மதியம் முக்கால் மணி என்பது பார்வைக்குப் பெரிசு. சத்துணவு வரிசை கால் மணி, சாப்பிட கால் மணி, ஒரே குழாயில் தட்டு கழுவ எட்டு நிமிஷம், மிச்சம் ஏழு. டிபன் பாக்ஸ் கொண்டு வரும் பிள்ளைகள் சீக்கிரம் முடித்துவிட்டு ஓடுவார்கள், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகள் வரிசையில் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஓய்வு நேரத்திலும் வீட்டு வசதி இப்படித் தெரிகிறது. இன்னொரு குழாய் போட்டால் தீர்கிற பிரச்சினை இது. வகுப்பு வாரியாகப் பரிமாறும் முறையை வாரத்துக்கு வாரம் மாற்றினாலும் ஓரளவுக்குத் தீரும், இல்லாவிட்டால் எட்டாம் வகுப்பே எப்போதும் கடைசி.

காலை நேரத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுக்க விரிந்தது, நம்ம பக்கத்துத் திருக்குவளைப் பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு தொடக்க வகுப்புப் பிள்ளைகள் எட்டேகாலுக்கெல்லாம் வந்துவிடுகிறார்கள். உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டு முடித்தால் பிரேயர் வரைக்கும் அரை மணிக்குக் குறையாமல் இருக்கிறது. வெயில் ஏறாத நேரம், வயிறு நிறைந்திருக்கிறது, கூட்டாளிகள் எல்லாம் வந்தாயிற்று. நாள் முழுக்கவும் இதைவிட நல்ல ஓய்வு நேரம் கிடைக்காது. இதைத்தான் "வாய்ப்பாடு சொல்ல வைக்கலாமே" என்று யாராவது ஒரு நல்லவர் கேட்பார். வேண்டாம் என்று சொல்ல உறுப்பினர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும், அது நீங்களாக இருங்கள்.

நான்காவது: கையில் வைத்துக்கொள்ள வேண்டிய சட்டக் கணக்கு

கல்வி உரிமைச் சட்டம், 2009. எட்டாம் வகுப்பு வரைக்கும் பொருந்தும். குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப் பங்கு பெண்களும் இருக்க வேண்டும் என்பது அதில் இருப்பதுதான், ஆக நீங்கள் உட்காரும் நாற்காலி யாரும் தயவில் போட்டது அல்ல. அதன் இணைப்பு அட்டவணையை யாராவது படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, விளையாட்டுப் பொருட்கள் மூன்றுமே அதில் இருக்கின்றன.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று அங்கே இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு வருஷத்துக்குக் குறைந்தது 220 நாள், 1000 மணி நேரப் பாடம். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 4 மணி 33 நிமிஷம் வரும். ஒன்று முதல் ஐந்துக்கு 200 நாள், 800 மணி நேரம், அதாவது ஒரு நாளைக்கு 4 மணி நேரம்தான். எங்கள் பள்ளி 9.20-க்குத் தொடங்கி 4.10-க்கு விடுகிறது. பிரேயர், மதியம், இரண்டு இன்டர்வெல் எல்லாம் கழித்தும் 5 மணி 25 நிமிஷம் பாடம் நடக்கிறது. முக்கால் மணிக்கு மேல் கூடுதலாகவே நடத்துகிறார்கள்! இரண்டு இன்டர்வெல்லையும் ஐந்தைந்து நிமிஷம் நீட்டினால் எந்தச் சட்டமும் உடையாது. "போர்ஷன் முடியாது" என்ற பதில் கட்டாயம் வரும், அப்போது இந்தக் கணக்கை மெதுவாக எடுத்து வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை விடுமுறை அதிகம் என்பார்கள். அதற்குத்தான் சனிக்கிழமைகளில் பள்ளி வைக்கிறார்களே.

உலக விஷயமும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, ஆனால் அளவோடு. குழந்தை உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 31-வது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்கிறது, இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. இன்டர்வெல் தள்ளிப் போகப் போகப் பிள்ளைகளின் கவனம் சிதறுவதை அமெரிக்காவில் அந்தோனி பெல்லக்ரினி என்ற ஆய்வாளர் 1990-களில் பள்ளிகளுக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்துச் சொன்னார். அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2013-ல், தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ இன்டர்வெல்லைப் பறிக்கக் கூடாது என்று அறிக்கையே விட்டது. பின்லாந்தில் 45 நிமிஷப் பாடத்துக்கு 15 நிமிஷம் இடைவேளை. இதில் பின்லாந்தை மட்டும் நான் கூட்டத்தில் சொல்லி மாட்டிக்கொண்டேன். "அங்க குளிரும்மா, இங்க வெயில்ல விட்டா மயக்கம் போட்டு விழுவாங்க" என்று ஒரு பெரியவர் முடித்துவிட்டார். வெயில் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்தாவது: ஹெச்.எம்.மிடம் பேசுவது

சட்டத்தை முதல் நாளே எடுக்காதீர்கள். நோட்டை மட்டும் காட்டுங்கள். தலைமை ஆசிரியருக்கு மூன்று பயம் இருக்கும்: பிள்ளை விழுந்து அடிபட்டால் வீட்டார் சண்டைக்கு வருவார்கள், ஆய்வுக்கு வரும் அதிகாரி பிள்ளைகள் வெளியே இருப்பதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ, பாடம் பின்தங்குமோ. மூன்றாவதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டாவதற்குக் குழுவின் தீர்மானம் இருக்கும். முதலாவதற்கு நாம்தான் பதில், முட்டி சிராய்த்ததற்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் வந்து கத்த மாட்டோம் என்று பெற்றோர் சொல்ல வேண்டும், சொன்னால் போதாது, கத்தாமலும் இருக்க வேண்டும்.

ஆசிரியர்களையும் மறக்க வேண்டாம். அவர்களும் காலையில் இருந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள், இன்டர்வெல் நேரத்தில்தான் ஒரு வாய் டீ. இன்டர்வெல்லை நீட்டுங்கள், நீங்களே நின்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் யார் ஒத்துக்கொள்வார்? ஒரு நாளைக்கு இரண்டு ஆசிரியர் மட்டும் முறை போட்டு வெளியே நிற்பது, மற்றவர்களுக்கு முழு ஓய்வு என்று நாங்கள் கேட்டோம். எதிர்ப்பு பாதி அடங்கியது அப்போதுதான்.

பேசி ஒரு அளவுக்கு வந்த பிறகு மாதக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த ஹெச்.எம். மாறி வந்ததும் காணாமல் போய்விடும். எங்கள் வாசகம் இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "காலை, மாலை இடைவேளைகள் தலா 15 நிமிடமாக இருக்க வேண்டும் எனவும், இடைவேளையிலும் மதிய உணவுக்குப் பின்னரும் மாணவர்களை எழுத்துப் பணிக்காகவோ தண்டனையாகவோ வகுப்பறையில் நிறுத்தி வைக்கக் கூடாது எனவும் தீர்மானிக்கப்பட்டது." இரண்டாவது பாதிதான் உயிர். வீட்டுப்பாடம் எழுதாத பையனை இன்டர்வெல்லில் உட்கார வைப்பது எங்கும் நடக்கிறது, அடிக்கவில்லையே என்று ஆசிரியரும் நினைப்பார், நாமும் நினைப்போம். ஆனால் கால் துறுதுறுவென்று இருக்கும் பையனைத்தான் தினமும் உட்கார வைக்கிறார்கள், அவன் அடுத்த பீரியடில் இன்னும் ஆடுவான், மறுபடி உட்கார வைப்பார்கள்.

ஆறாவது: இடம், நிழல், சேறு

டெல்டாவில் பள்ளி மைதானம் வருஷத்தில் மூன்று வேஷம் கட்டும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்த வருஷமானால், கடைமடைக்கு ஆடி வாக்கில் தண்ணீர் வந்துவிடும், பள்ளிக்குப் பின்னால் வாய்க்கால் ஓடினால் இன்டர்வெல்லில் அத்தனை பேர் கண்ணும் அங்கேதான். வேலி இல்லாத பக்கத்தை அதற்கு முன்பே அடைத்துவிட வேண்டும். "வாய்க்கால் இருக்கு, அதனால வெளியவே விடல" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டு இருந்த ஒரு பள்ளியை எனக்குத் தெரியும், வேலி கட்ட ஆகும் செலவை அங்கே ஒருவரும் விசாரித்ததே இல்லை. ஊராட்சியிடம் கேட்க வேண்டியதைக் கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை நடக்கிறது.

ஐப்பசியில் இருந்து மார்கழி வரை மைதானம் நாற்றங்கால் மாதிரி இருக்கும். அப்போது தாழ்வாரம்தான் மைதானம். பிள்ளைகளை வகுப்பிலேயே உட்காரச் சொல்வதற்குப் பதில் தாழ்வாரத்தைத் திறந்து விட்டாலே பல்லாங்குழி, அஞ்சாங்கல், ராஜா ராணி சீட்டு, புக் கிரிக்கெட் எல்லாம் தானாக முளைக்கும். புளியங்கொட்டை ஒரு டப்பா நிறைய வைத்தால் போதும். மழை நாளில் புதர், செங்கல் குவியல், விறகு அடுக்கு எதுவும் பிள்ளைகள் நிற்கும் பக்கம் இருக்கக் கூடாது, பாம்பு வரும். இதைப் புரட்டாசியிலேயே சுத்தம் செய்துவிடுங்கள்.

மாசிக்கு மேல் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும், ஓடுகிற பிள்ளையின் கால் வெடிப்பில் மாட்டி மடங்கும். மைதானத்தில் ஒரு பாதிக்காவது சவுடு அடித்து மேடாக்கினால் மழைக்கும் உதவும் வெயிலுக்கும் உதவும்.

வெயிலுக்கு மரம்தான். எங்கள் பள்ளியில் இருந்த இரண்டு வாகையும் 2018 நவம்பர் 16-ல் கஜா புயலோடு போய்விட்டன, அதற்குப் பிறகு பல வருஷம் மதியத்தில் பிள்ளைகள் கட்டட நிழலில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கூடவே கூடாது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனார்கள், பள்ளி வளாகத்தில் இனி அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. பூவரசம் போத்து வெட்டி ஐப்பசி மழையில் நட்டால் துளிர்த்துவிடும், ஆட்டுக்குத் தப்ப முள் கட்டினால் மூன்று நாலு வருஷத்தில் நிழல். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதலாம், காயில் பம்பரம் விடலாம், விளையாட்டுச் சாமானும் மரத்திலேயே காய்க்கும்.

ஏழாவது: விட்டுவிடுங்கள்

இன்டர்வெல் நீண்டதும் நமக்குக் கை அரிக்கும். கேரம் போர்டு வாங்கலாமா, வாரம் ஒரு போட்டி வைக்கலாமா, பரிசு கொடுக்கலாமா என்று தோன்றும். முதல் இரண்டு மாதம் எதுவும் செய்யாதீர்கள். ஒரு கயிறு, இரண்டு பழைய டயர், ஒரு பந்து, ஒரு பெட்டி சாக்பீஸ், போதும். என்ன விளையாட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் முதல் வாரம் சும்மா கத்திக்கொண்டே ஓடினார்கள், மூன்றாவது வாரம் நொண்டியும் பாண்டியும் வந்தன, அப்புறம் ஒருநாள் கிளித்தட்டுக் கோடு போட்டிருந்தார்கள், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் "ஆயா" என்றார்கள்.

வெளியே நிற்கும் ஆசிரியர் மரத்தடியில் நின்று பார்த்தால் போதும். கல், குச்சி, ரத்தம் என்றால் மட்டும் உள்ளே போக வேண்டும். அவுட்டா இல்லையா என்ற சண்டைக்குப் பஞ்சாயத்துக்குப் போகக் கூடாது, அதை அவர்களே தீர்த்துக்கொள்ளும் நேரம்தான் இது. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: பெரிய பையன்கள் மைதானம் முழுவதையும் கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொண்டு பெண் பிள்ளைகளையும் சின்னதுகளையும் சுவரோரம் ஒதுக்கிவிடுவார்கள். ஒரு மூலையைக் கிரிக்கெட் வரக் கூடாத இடம் என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்தோம். அதேபோல் தினமும் தனியாகவே நிற்கும் பிள்ளை யார் என்றும் கண்ணில் பட வேண்டும். சில பிள்ளைகளுக்குத் தனிமை பிடிக்கும். சிலரைத் தெருவின் பெயர் சொல்லிச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். இரண்டும் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும், நாலு நாள் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

பத்தாம் வகுப்பு உள்ள பள்ளி என்றால் இந்த வேலை இன்னும் கடினம். காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்பெஷல் கிளாஸ், இரண்டுக்கும் நடுவில் டெஸ்ட். அங்கே முழு இன்டர்வெல்லையும் ஒரே அடியாகக் கேட்டால் கிடைக்காது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம் புத்தகம் திறக்கக் கூடாது என்று ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். பெற்றோரிடமே எதிர்ப்பு வரும். என் அண்ணன் மகனுக்கு இதைக் கேட்கப் போய் அண்ணியிடமே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசியாக, மணி. எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆபீஸ் ரூமை எட்டிப் பார்த்து யாராவது தலையசைத்தால் அடிப்பான். பீரியட் முடிகிற மணி இரண்டு நிமிஷம் பிந்தும், இன்டர்வெல் முடிகிற மணி ஒருநாளும் பிந்தியதில்லை. என் நோட்டில் ஐந்து நாளும் அப்படித்தான் இருந்தது. தாழ்வாரத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி மாட்டினோம், முந்நூறு ரூபாய். இப்போது இன்டர்வெல் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போதே அவன் மணியடியில் கம்பியோடு வந்து நிற்கிறான், சுற்றிலும் பத்துப் பிள்ளைகள் முள்ளைப் பார்த்துக்கொண்டு "இன்னும் இல்லடா, இன்னும் இல்லடா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.